நாங்கள் கேப்டன் ஸ்டாண்டிஷ் வம்சமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசசூசெட்ஸின் தென்கிழக்குக் கரையோரம் குடியிருக்கிறேன். என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், "நாங்கள் மேஃப்ளவரில் வந்த கேப்டன் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் வம்சம்" என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மைதானா என்று பார்க்கப்போய் மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. அதன் பிறகு சம்பந்தி வீட்டுச் சொந்தங்கள், ஊரிலிருந்து வந்து பிளிமத் பார்க்கப் போகிற நம்மவர்கள், என் தங்கை என்று ஆளுக்கு ஆள் ஒரே சந்தேகங்களையே கேட்டார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யார் இந்த ஸ்டாண்டிஷ்? கப்பலில் வந்த பக்தர் கூட்டத்தில் ஒருவரா?

கப்பலில் வந்தவர்தான், வந்த காரணம் வேறு. 1620 செப்டம்பரில் 102 பயணிகளோடு இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது மேஃப்ளவர். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஹாலந்தின் லைடன் நகரில் போய் வாழ்ந்த கூட்டத்தார் அதில் ஒரு பகுதி. அவர்களுக்கு ஆயுதம் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஸ்டாண்டிஷ் நெதர்லாந்துப் போர்களில் சிப்பாயாக இருந்து லைடன் கூட்டத்தாருடன் பழகியவர். 1621 பிப்ரவரியில் அவரையே பிளிமத்தில் அமைத்த குடியேற்றத்தின் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம், ஜனவரி 29 அன்று, அவருடைய மனைவி ரோஸ் இறந்துபோயிருந்தார். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை அந்த முதல் குளிர்காலமே கொண்டுபோய்விட்டது. 1623இல் 'ஆன்' என்ற கப்பலில் வந்த பார்பராவை மறுமணம் செய்துகொண்டார். பின்னர் பிளிமத்துக்கு அருகே டக்ஸ்பரியில் நிலம் பெற்று, அங்கேயே 1656 அக்டோபர் 3 அன்று காலமானார்.

அவரிடமிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாமே?

வர முடியாது. ஆலமரத்தின் உச்சியில் நின்றுகொண்டு எந்த விழுது நம்முடையது என்று தேடுகிற கதையாகிவிடும். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். அதில் உள்ள அப்பா அம்மாவின் திருமணப் பதிவு, பிறகு அவர்களுடைய பிறப்பு என்று ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று சொல்கிற காகிதம் ஒவ்வொரு படிக்கும் தேவை. ஒரு படி விட்டுப்போனாலும் அதற்கு மேல் உள்ளதெல்லாம் வேறு யாருடைய குடும்பமாகவோ இருக்கலாம்.

எங்கள் வீட்டில் பழைய பைபிளில் எல்லாப் பெயரும் எழுதியிருக்கிறதே, அது போதாதா?

முதலில் அதன் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள். சம்பந்தி வீட்டு பைபிள் 1838இல் அச்சானது. உள்ளே எழுதியிருக்கும் முதல் பிறப்போ 1791. ஏழு பிள்ளைகளின் பிறந்த தேதியும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க எழுதினது என்றால் மை மாறியிருக்கும், கையெழுத்தும் நடுங்கியிருக்கும். ஆக, யாரோ ஒரு பாட்டி நாற்பது ஐம்பது வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார்.

அதனால் அது பொய்யாகிவிடாது. ஊர்ப் பதிவோடு ஒப்பிட்டபோது ஏழில் ஐந்து தேதிகள் அப்படியே பொருந்தின. மற்ற இரண்டுக்கும் ஊர்ப் பதிவையே எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் எந்த ஆவணங்களைத் தேட வேண்டும்?

காலத்தைப் பொறுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1841 முதல் பிறப்பு, திருமணம், இறப்புகளை மாநில அளவில் பதிவு செய்து வருகிறது. அதற்கு முன்னால் ஊர் எழுத்தர்கள் வைத்திருந்த ஏடுகள்தான். பல ஊர்களின் ஏடுகளை 1850 வரை தொகுத்து அச்சிட்டுவிட்டார்கள் என்பதால் இந்த மாநிலத்தில் தேடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சிக்கல் 1780க்கும் 1850க்கும் நடுவில். பிழைப்பைத் தேடிக் குடும்பங்கள் மெயின், வெர்மான்ட், நியூயார்க் என்று கிளம்பிவிட்ட காலம் அது. போன இடத்தில் பதிவு ஒழுங்காக இருக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இலேயே தொடங்கிவிட்டாலும், 1850க்கு முன்புவரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் தலை எண்ணிக்கை. இந்த இடைவெளியைத் தாண்ட உயிலும் நிலப் பத்திரமும்தான் துணை. "காலம் சென்ற எங்கள் தகப்பனார் நிலத்தில் எங்கள் பாகத்தை விற்கிறோம்" என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரம், காணாமல்போன ஒரு தலைமுறையை எங்களுக்கு மீட்டுக் கொடுத்தது. பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டாலும் சொத்துப் பதிவு கிடைக்கும். நிலம் என்றால் மனிதர்கள் எழுதிவைக்காமல் விடமாட்டார்கள்.

இணையத்தில் முழு வம்ச மரமே இருக்கிறது. ஸ்டாண்டிஷுக்கு மேலே பத்து தலைமுறைகூடக் காட்டுகிறார்கள். அப்புறம் என்ன?

அந்த மேல் பத்தை அப்படியே அழித்துவிடுங்கள். ஸ்டாண்டிஷுடைய தகப்பனார் இன்னார் என்று நிலைநாட்டும் ஆவணம் எதுவும் இல்லை. ஒருவர் ஊகித்துப் போட்டதை ஐந்நூறு பேர் நகலெடுத்தால் அது ஐந்நூறு சாட்சிகள் ஆகிவிடாது. குடும்பச் சின்னம், கேடயம், சிங்கம் எல்லாம் வண்ணத்தில் போட்டிருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். இது என் சொந்த அனுபவம். அந்தச் சின்னத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்த சுவர் சம்பந்தி வீட்டில் இப்போது காலியாக இருக்கிறது.

அவருக்குக் கீழே வருகிற தலைமுறைகளின் நிலைமை வேறு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

முழு வழியையும் நாங்களேதான் நிரூபிக்க வேண்டுமா?

வேண்டாம். மேஃப்ளவர் வாரிசுகளின் பொதுச் சங்கம் என்று 1897இல் பிளிமத்தில் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. பயணிகளின் வம்சத்தில் முதல் ஐந்து தலைமுறைகளை ஆவணங்களோடு சரிபார்த்து வரிசையாக நூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அட்டை வெள்ளி நிறம் என்பதால் தேடுகிறவர்கள் 'வெள்ளிப் புத்தகங்கள்' என்றே சொல்வார்கள். ஸ்டாண்டிஷுக்கும் ஒரு தொகுதி உண்டு. நீங்கள் மேலே ஏறிக்கொண்டே போய் அந்த ஐந்தாம் தலைமுறையில் ஒருவரைத் தொட்டுவிட்டால் மீதி வேலை முடிந்த மாதிரி. பாஸ்டனில் 1845 முதல் இயங்கிவரும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் நூலகமும் பெரிய உதவி.

மருமகள் என்ற முறையில் உங்கள் மகள் அந்தச் சங்கத்தில் சேரலாமா?

சேர முடியாது. இரத்த வழி மட்டும்தான். என் பேரன் சேரலாம். அவனுக்கு இப்போது டைனோசர்களில்தான் அக்கறை.

எந்தப் பிள்ளை வழியாக வம்சம் வந்திருக்கிறது?

ஆவணங்களில் தெரியும் பிள்ளைகள் ஏழு பேர்: சார்லஸ், அலெக்சாண்டர், ஜான், மைல்ஸ், லோரா, ஜோசையா, மறுபடியும் ஒரு சார்லஸ். முதல் சார்லஸ் சிறு வயதில் இறந்தபின் அடுத்து வந்த பையனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் இது சாதாரண வழக்கம். தெரியாமல் இருவரையும் ஒருவராக்கிவிடுவது தேடுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு.

வாரிசு வழி உறுதியாகத் தெரிவது அலெக்சாண்டர், ஜோசையா இருவருக்கும்தான். இளைய மைல்ஸ் 1660இல் மணந்து மறு ஆண்டே பிள்ளையின்றி இறந்தார். அலெக்சாண்டர் டக்ஸ்பரியிலேயே இருந்தார். ஜோசையா கனெக்டிகட் பக்கம் நகர்ந்தார். உங்கள் குடும்பக் கதையில் கனெக்டிகட் அடிபட்டால் ஜோசையாவின் பக்கம் முதலில் பாருங்கள். எங்களுக்கு அங்கேதான் வழி திறந்தது.

அவருடைய காலத்து ஆவணம் எதிலாவது இந்தக் குடும்பம் நேரடியாக வருகிறதா?

வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது 1627ஆம் ஆண்டு மாடு பங்கீடு. அதுவரை பொதுவில் இருந்த மாடுகளையும் ஆடுகளையும் 12 குழுக்களுக்குப் பிரித்தார்கள். குழுவுக்கு 13 பேர். கைக்குழந்தைகளையும் சேர்த்து எல்லோர் பெயரும் எழுதப்பட்டது. மூன்றாவது குழு ஸ்டாண்டிஷுடையது. பார்பரா, சார்லஸ், அலெக்சாண்டர், ஜான் என்று குடும்பமே வரிசையாக நிற்கிறது. குடியேற்றத்தின் ஏழைகளுக்கு உரிய சிவப்புப் பசுவும் இரண்டு பெட்டை ஆடுகளும் இவர்கள் பங்குக்கு வந்தன. மாட்டைப் பிரிக்க எழுதிய பட்டியல், இன்றைக்கு அந்த ஊரின் குடும்ப அட்டை மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டாண்டிஷின் உயில் தேதி ஓர் இடத்தில் 1655 என்றும் இன்னோர் இடத்தில் 1656 என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டிதான். அதில் ஆண்டு மார்ச் 25 அன்று பிறக்கும். உயில் எழுதிய மார்ச் 7 அவர்களுக்கு 1655இன் கடைசி வாரங்களில் வருகிறது, நமக்கு 1656இன் மூன்றாம் மாதம். அதனால்தான் 1655/56 என்று இரட்டையாக எழுதுகிறார்கள். ரோஸ் இறந்த ஜனவரியை நான் 1621 என்று போட்டதும் இன்றைய கணக்குப்படி. பழைய ஏட்டில் அது 1620 என்று இருக்கும்.

இன்னொரு பொறி: "7ஆம் மாதம்" என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். மார்ச்தான் முதல் மாதம். கல்யாணமாகி நான்கு மாதத்தில் குழந்தை என்று முன்னோர்களின் மானத்தை வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை சரிபாருங்கள்.

உயிலில் உறவுமுறைகள் குழப்பமாக இருக்கின்றனவே?

சொற்களின் பொருள் மாறியிருக்கிறது. இன்று மருமகளைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல் அன்று மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகளையும் குறிக்கும். 'கசின்' என்று எழுதியிருந்தால் அண்ணன் மகனாக இருக்கலாம், அக்காள் மகளாகவும் இருக்கலாம். தன்னை மகள் லோராவுக்கும் மருமகள் மேரிக்கும் பக்கத்தில் புதைக்கும்படி ஸ்டாண்டிஷ் உயிலில் கேட்கிறார். இந்த மேரி உண்மையிலேயே மருமகள்தான். ஜோசையாவின் முதல் மனைவி என்று திருமணப் பதிவைக் கொண்டு தெரிகிறது. பதிவு இல்லாவிட்டால் வெறும் சொல்லை வைத்துத் தீர்மானித்திருக்க முடியாது.

சீனியர், ஜூனியர் என்பதும் இப்படித்தான். ஊரில் ஒரே பெயருள்ள இருவரை வேறுபடுத்தப் போட்டது. அப்பா மகனாக இருக்க வேண்டியதில்லை. மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். அதே ஆள், பெயர் மட்டும் பதவி உயர்வு பெற்றிருக்கும்.

சரி, அவர் எந்த ஊர்க்காரர்?

இதுதான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிற வழக்கு. முதல் சாட்சி உயிலே. இங்கிலாந்தின் லேங்கஷயரில் ஆர்ம்ஸ்கர்க், பர்ஸ்கோ, ரைட்டிங்டன், மாட்ஸ்லி, நியூபர்க், கிராஸ்டன் ஆகிய இடங்களிலும் மேன் தீவிலும் தனக்கு முறைப்படி சேர வேண்டிய நிலங்கள் இருந்ததாகவும், அவை தன்னிடமிருந்து வஞ்சகமாக மறிக்கப்பட்டதாகவும் சொல்லி, அவற்றை மகன் அலெக்சாண்டருக்கு எழுதிவைக்கிறார். தன் கொள்ளுத்தாத்தா ஸ்டாண்டிஷ் என்ற ஊரில் வாழ்ந்த ஸ்டாண்டிஷ் குடும்பத்தின் இரண்டாவது அல்லது இளைய சகோதரர் என்றும் சேர்க்கிறார். சுத்தமான பங்காளித் தகராறு. இரண்டாவது சாட்சி குடியேற்றத்தின் செயலர் நத்தானியேல் மார்ட்டன். 1669இல் அவர் ஸ்டாண்டிஷ் லேங்கஷயரில் பிறந்தவர் என்று எழுதினார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி. சி. போர்ட்டியஸ் என்ற லேங்கஷயர் பாதிரியார் பழைய நிலப் பத்திரங்களைத் துருவினார். உயிலில் வரும் ஊர்களில் நிலம் வைத்திருந்தது ஆர்ம்ஸ்கர்க் கிளை ஸ்டாண்டிஷ்கள் என்றும் அந்தக் கிளைக்கு மேன் தீவுத் தொடர்பு உண்டு என்றும் காட்டினார். 1980களில் ஜி. வி. சி. யங் என்ற மேன் தீவு வரலாற்றாளர் ஒரு படி மேலே போய், மைல்ஸ் அந்தத் தீவிலேயே பிறந்தவர் என்று வாதிட்டார். லேங்கஷயர் கட்சி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. என் கட்சி எது என்றால், குடும்பம் ஆர்ம்ஸ்கர்க் கிளை என்பதை ஏற்றுக்கொள்வேன். தொட்டில் எந்தக் கரையில் ஆடியது என்பதற்குச் சத்தியம் செய்யமாட்டேன். உயில் என்பது அவர் தரப்பு வாக்குமூலம் மட்டும். எதிர்த்தரப்பு வாய் திறக்கவே இல்லை.

பிறந்த பதிவை யாரோ வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள் என்கிறார்களே?

1840களில் அமெரிக்க வாரிசுகள் சிலர் பணம் சேர்த்து, நிலத்தை மீட்க வழி உண்டா என்று பார்க்க ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் சார்லி ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் 1584, 1585 பக்கம் தேய்த்து அழிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லித் திரும்பினார். சதிக்கதை அன்று பிறந்தது.

எனக்கு இதில் இரண்டு உறுத்தல்கள். ஒன்று, 1584 என்ற பிறந்த ஆண்டே அவர் காலத்து ஆவணத்தில் இல்லை, பிற்காலக் கணிப்பு. இரண்டு, சார்லி என்பது லேங்கஷயரிலிருந்த டக்ஸ்பரி மாளிகையில் வாழ்ந்த வேறொரு ஸ்டாண்டிஷ் கிளையின் கோவில். அமெரிக்க ஊருக்கு டக்ஸ்பரி என்று பெயர் இருப்பதால் தேடியவர் அங்கே போயிருக்கிறார். உயிலோ ஸ்டாண்டிஷ் ஊர்க் குடும்பத்தைச் சொல்கிறது. தப்பான கோவிலில் போய்ப் பக்கம் அழிந்திருக்கிறது என்று அழுவானேன்? அவ்வளவு பழைய தோல்தாள் தானாகவும் தேயும்.

அந்த நிலத்துக்கு இப்போது உரிமை கொண்டாட முடியுமா?

முடியாது. தகப்பனார் பெயரே நிலைநாட்டப்படவில்லை என்று மேலே சொன்னேன். அலெக்சாண்டராலேயே முடியாதது.

போர்வீரர் என்றால் ராணுவப் பதிவு இருக்க வேண்டுமே?

டச்சுச் சம்பளத்தில் போரிட்ட ஆங்கிலப் படைகளில் எல்லாச் சிப்பாய்களின் பட்டியலும் நமக்கு வந்து சேரவில்லை. நெதர்லாந்துச் சேவைக்கு ஆதாரம் நத்தானியேல் மார்ட்டன் போன்றவர்களின் எழுத்துதான். அவரை எதிரி தாமஸ் மார்ட்டனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த ஆளை ஸ்டாண்டிஷ் 1628இல் கைது செய்தார். ஆத்திரம் தீராத அவர் பின்னால் எழுதிய நூலில் இவருக்கு 'கேப்டன் இறால்' என்று பெயர் சூட்டினார். ஸ்டாண்டிஷ் குள்ளமானவர், முகம் சிவந்துவிடும்.

இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலும் அவருடைய தொழிலைச் சொல்கிறது. மஸ்கட் துப்பாக்கிகளும் வாளும் ஒரு பக்கம். ஜூலியஸ் சீசரின் போர்க் குறிப்புகளும் ஹோமரின் இலியட்டும் இன்னொரு பக்கம்.

நண்பனைத் தூதனுப்பிப் பெண்ணை இழந்தவர் இவர்தானே?

அது அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1858இல் வெளியிட்ட கவிதை. ஸ்டாண்டிஷ் தன் நண்பர் ஜான் ஆல்டனைத் தூது அனுப்ப, அந்தப் பெண் பிரிசில்லா "உங்களுக்காகவே நீங்கள் பேசக் கூடாதா" என்று ஆல்டனிடமே கேட்கிற கதை. லாங்ஃபெல்லோ அந்த ஆல்டன் பிரிசில்லா வழி வந்தவர். வீட்டுக் கதையை விரித்துப் பாடினார். சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டிஷின் மகன் அலெக்சாண்டர் மணந்தது ஆல்டனின் மகள் சாராவை. ஆகவே அலெக்சாண்டர்-சாரா வழியில் வருகிறவர்களுக்குத் தூது போனவரும் பாட்டன், அனுப்பியவரும் பாட்டன்.

இவர் பூர்வகுடிகளைக் கொன்றவர் என்கிறார்கள். அதைக் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டுமா?

எழுதத்தான் வேண்டும். 1623இல் வெஸ்ஸகஸ்ஸெட் என்ற ஆங்கிலக் குடியிருப்பில் பெக்சுவட், விட்டுவமட் என்ற மாசசூசெட் இனத்து வீரர்கள் இருவரை ஒரு வீட்டுக்குள் வரவழைத்து, கதவைச் சாத்திக் கொன்றார்கள். பெக்சுவட்டை அவருடைய கத்தியாலேயே ஸ்டாண்டிஷ் குத்தினார். விட்டுவமட்டின் தலை பிளிமத் கோட்டையில் வைக்கப்பட்டது. லைடனிலிருந்த போதகர் ஜான் ராபின்சன் இதைக் கேட்டு மனம் நொந்து, எவரையும் கொல்லும் முன் சிலரையாவது மனம் திருப்பியிருக்கக் கூடாதா என்று கடிதம் எழுதினார்.

சம்பந்தி வீட்டார் முதலில் இதை விட்டுவிடச் சொன்னார்கள். பிறகு உயிலின் இன்னொரு வரியைக் காட்டினேன். மெர்சி ராபின்சன் என்ற சிறுமிக்கு, "அவள் தாத்தாவை முன்னிட்டு நான் அன்பு வைத்திருப்பவள்" என்று சொல்லி 3 பவுண்டு எழுதிவைத்திருக்கிறார். தாத்தா அந்த ஜான் ராபின்சன்தான். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் போட்டோம்.

மரபணுப் பரிசோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

12 தலைமுறை மேலே போனால் மூதாதையர் இடங்கள் 4,096. அதில் ஒருவரிடமிருந்து வந்த துணுக்கு உங்கள் உடம்பில் இல்லாமலே போயிருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அதில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்காது. ஆண் வழியில் மட்டும் இறங்கும் ஒய் நிறத்திரி (குரோமோசோம்) ஓரளவு உதவும். அதற்கு நீங்கள் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று அறுபடாத ஸ்டாண்டிஷ் ஆணாக இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் வழி நடுவில் மூன்று முறை பெண்கள் வழியாகப் போகிறது. பரிசோதனைப் பணத்தை மிச்சப்படுத்தி நிலப் பத்திர நகல்கள் வாங்கினோம்.

கல்லறை உறுதியானதுதானா?

டக்ஸ்பரியின் பழைய இடுகாட்டில், பெயர் பொறிக்காத கற்கள்தான் இருந்தன. 1889இலும் 1891இலும் தோண்டிப் பார்த்தார்கள். முதிய ஆண் ஒருவரும் அருகில் இளம் பெண்கள் இருவரும் கிடைத்ததை, லோரா, மேரி பற்றிய உயில் வரியோடு பொருத்தி முடிவுக்கு வந்தார்கள். உயில் இல்லாவிட்டால் அவை வெறும் எலும்புகள். கேப்டன் குன்றின் மேல் 116 அடி உயரத்தில் நிற்பது நினைவுத்தூண்தான். அங்கே மாலையோடு ஏறிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

மனைவிமார் இருவருக்கும் பிறந்த வீடு தெரியாதா? அக்காள் தங்கை என்கிறார்களே?

தெரியாது. ரோஸ், பார்பரா, அவ்வளவுதான். தகப்பன் பெயர், ஊர் எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை. அக்காள் தங்கை என்பது ஆதாரமில்லாத பேச்சு. இணைய மரத்தில் இவர்களுக்குக் குடும்பப் பெயர் போட்டிருந்தால் அந்த மரத்தை மூடிவிடுங்கள்.

அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தன் கையால் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் லோராவின் தையல் பயிற்சித் துணியை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செய்யப்பட்டவற்றில் கிடைத்த மிகப் பழைய தையல் மாதிரி என்று சொல்லப்படுவது. நீளமான ஒடுங்கிய லினன் துணி, பட்டு நூலில் பட்டை பட்டையாகக் கொடியும் பூவும், கீழே எழுத்துகள். "லோரா ஸ்டாண்டிஷ் என் பெயர்" என்று தொடங்கி, தன் மனத்தை வழிநடத்தும்படியும் கைகளுக்குத் தகுந்த திறமை தரும்படியும் கடவுளை வேண்டுகிறாள். தகப்பனார் உயில் எழுதுவதற்கு முன்பே, மணமாகாமல் அவள் இறந்துவிட்டாள். வெள்ளிப் புத்தகத்தில் அவள் பெயருக்குக் கீழே கிளை இல்லை.